லினக்ஸ் ஃபயர்வால் கணினியில் நெட்வொர்க் கார்டு தென்படாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்திருக்கும் பழைய வடாற்காட்டுப் பகுதியில், மருத்துவமனைக்கு வருவோர் தங்கும் விடுதிகளிலும், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் நிறுவன அலுவலகங்களிலும், பள்ளிகளிலும், கணக்குத் தணிக்கையாளர் அறைகளிலும், ஓரங்கட்டப்பட்ட பழைய மேசைக் கணினி ஒன்று லினக்ஸ் ஏற்றப்பட்டு ஃபயர்வாலாக, அதாவது இணையத்துக்கும் உள் வலையமைப்புக்கும் நடுவே நிற்கும் காவலாக, உழைப்பதைப் பார்க்கலாம். இணையத்தின் பக்கம் ஒன்றும் உள் வலையமைப்பின் பக்கம் ஒன்றுமாக அதற்குக் குறைந்தது இரண்டு நெட்வொர்க் கார்டுகள் தேவை. ஒன்று மதர்போர்டிலேயே இருக்கும். மற்றொன்றை வாங்கிச் செருகுவோம். சிக்கல் பெரும்பாலும் செருகிய கார்டில்தான் தொடங்குகிறது. கீழே வரும் கட்டளைகள் ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

கேள்வி: புதிய கார்டைச் செருகினேன். கணினியில் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கார்டு பயன்பாட்டுக்கு வருவதற்குள் ஐந்து படிகளைக் கடக்க வேண்டும். முதலில் பிசிஐ பாதையில் (செருகிய கார்டுகளோடு மதர்போர்டு பேசும் வழியில்) அது தென்பட வேண்டும். பிறகு அதற்குரிய டிரைவரை (கார்டை இயக்கும் நிரலை) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏற்ற வேண்டும். அந்த டிரைவர் கார்டை எழுப்பி ஓர் இடைமுகப் பெயரை (கார்டை லினக்ஸ் அழைக்கும் பெயரை) உண்டாக்க வேண்டும். அதன் பின் கேபிளின் மறுமுனையோடு தொடர்பு கிடைக்க வேண்டும். கடைசியாக, ஃபயர்வால் மென்பொருள் அந்த இடைமுகத்துக்கு ஒரு பொறுப்பை ஒதுக்க வேண்டும். இவற்றுள் எந்தப் படியில் தடங்கல் என்று தெரியாமல் வேறு கார்டு வாங்கச் செல்வது வீண் செலவு. தடங்கல் இரண்டாம் படியிலோ ஐந்தாம் படியிலோ இருந்தால் புதிய கார்டும் அதே இடத்தில்தான் நிற்கும்.

எனவே 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்ற கட்டளையை முதலில் இடுங்கள். ஈதர்நெட் கன்ட்ரோலர் என்ற தலைப்பில் உங்கள் கார்டு வந்தால் முதல் படி முடிந்தது. அதன் கீழே, பயன்பாட்டிலுள்ள டிரைவர் இன்னது என்ற வரியும் இருந்தால் இரண்டாம் படியும் முடிந்தது. அடுத்து 'ஐபி லிங்க்' கட்டளையில் இடைமுகத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பழைய பழக்கத்தில் 'இஃப்கான்ஃபிக்' மட்டும் இடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். '-ஏ' குறி இல்லாமல் இட்டால், இயக்கத்தில் உள்ள இடைமுகங்களை மட்டுமே அது காட்டும். இயக்கப்படாத கார்டு நலமாக இருந்தும் பட்டியலில் வராது. கார்டு கெட்டுவிட்டது என்று என்னிடம் வரும் புகார்களில் சில இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

கேள்வி: எல்எஸ்பிசிஐ பட்டியலிலேயே கார்டு இல்லை. டிரைவரை நிறுவினால் வருமா?

வராது. அந்தப் பட்டியல் டிரைவரைச் சார்ந்ததன்று. டிரைவர் இல்லாத கார்டும் தன் அடையாள எண்ணோடு அதில் இடம்பெறும். அங்கேயே இல்லை என்றால் கோளாறு வன்பொருளிலோ பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பிலோ இருக்கிறது. லினக்ஸை மீண்டும் நிறுவுவதாலும் பயனில்லை.

முதலில் செய்ய வேண்டியது மிக எளியது, ஆனால் பலர் செய்யாதது. கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வடியவிட வேண்டும். முன்பு விண்டோஸ் ஓடிய கணினிகளில் இது குறிப்பாக முக்கியம். ரியல்டெக் கார்டுகள் சிலவற்றை விண்டோஸ் டிரைவர் அணைக்கும்போது உறங்கும் நிலையில் விட்டுவிடுகிறது. கணினி அணைந்தாலும் மதர்போர்டுக்குக் காத்திருப்பு மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால் கார்டு அந்த நிலையிலிருந்து மீளாது, லினக்ஸ் அதை எழுப்பவும் தவறிவிடலாம்.

அதற்கும் மசியாவிட்டால் கார்டைக் கழற்றி அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பாருங்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒட்டிய அலுவலகங்களில் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். முலாம் தேய்ந்த இடங்களின் வழியே அது அடியிலுள்ள உலோகத்தைத் தாக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த இழை உதிராத துணியால் விளிம்பைத் துடைத்து, உலரவிட்டு, வேறொரு ஸ்லாட்டில் நேராக அழுத்திச் செருகிப் பாருங்கள். எழுதுபொருள் கடை ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்களில் பரவலான வழக்கம். பயன் தரும் என்றாலும் முலாமையும் சேர்த்துத் தேய்க்கும் என்பதால் அடிக்கடி செய்யத் தக்கதன்று.

ஸ்லாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் நுணுக்கம் உண்டு. சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டை நீளமான ஸ்லாட்டில் செருகலாம், அது தவறன்று. ஆனால் சில மதர்போர்டுகளில் எம்.2 சேமிப்பகம் பொருத்தப்பட்டால் ஏதேனும் ஒரு ஸ்லாட் தானாகவே முடங்கிவிடும். மதர்போர்டுக் கையேட்டில் இது ஓர் அடிக்குறிப்பாகத்தான் இருக்கும். மதர்போர்டிலேயே உள்ள கார்டு தெரியவில்லை என்றால் பயாஸில் ஆன்போர்டு லேன் என்ற அமைப்பு முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் மின்வெட்டுக்குப் பின் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடுவதும் வழக்கம்.

இவ்வளவும் செய்தபின், அதே கார்டை வேறொரு கணினியில் செருகிப் பார்ப்பது இறுதிச் சோதனை. அங்கும் தெரியாவிட்டால்தான் அதைக் கைகழுவ வேண்டும்.

கேள்வி: பட்டியலில் கார்டு இருக்கிறது, டிரைவர் பற்றிய வரி மட்டும் இல்லை. என்ன செய்வது?

இது இரண்டாம் படிச் சிக்கல். கார்டின் பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம். பட்டியலில் சதுர அடைப்புக்குள் வரும் அடையாள எண்ணைப் பாருங்கள். முற்பகுதி 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14ஈ4 என்றால் பிராட்காம். பிற்பகுதி சிப்பைக் குறிக்கும். ரியல்டெக்கின் 8168, 8111 வகைச் சிப்புகளுக்கு 'ஆர்8169' என்ற டிரைவரும், இன்டெல் ஐ210, ஐ211, ஐ350 ஆகியவற்றுக்கு 'ஐஜிபி' டிரைவரும், 82574எல் சிப்புக்கு 'இ1000இ' டிரைவரும் உரியவை.

இரண்டரை கிகாபிட் கார்டுகள் வந்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. இன்டெல் ஐ225 வகைக்கு உரிய 'ஐஜிசி' டிரைவர் 2018 டிசம்பரில் வெளியான 4.20 கெர்னலில்தான் முதலில் சேர்ந்தது. ரியல்டெக் 8125 சிப்பை 'ஆர்8169' டிரைவர் அறிந்துகொண்டது 2019 நவம்பரில் வெளியான 5.4 கெர்னலில். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 10ஆம் பதிப்பிலுள்ள கெர்னலோ 4.19. ஆகவே, அந்தக் காலத்து நிறுவல் பென் டிரைவை வைத்துக்கொண்டு புதிய மதர்போர்டில் ஃபயர்வால் நிறுவ முயன்றால், கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கெர்னலுக்கு அது அறிமுகமே இல்லாதது. 'யூநேம் -ஆர்' கட்டளையில் உங்கள் கெர்னலின் பதிப்பைத் தெரிந்துகொண்டு, பழையது என்றால் இயங்குதளத்தையே புதுப்பியுங்கள். சிப் நிறுவனம் தரும் மூலநிரலைத் தரவிறக்கித் தாமே டிரைவரைத் தொகுக்க முயல்வதைவிட அதுவே மேல். தனியாகத் தொகுத்த டிரைவர் அடுத்த கெர்னல் மேம்பாட்டில் மறைந்துபோகும். அது மறையும் நாளில் விடுதி முழுவதற்கும் இணையம் இருக்காது.

வேறு வழியின்றித் தனி டிரைவரை நிறுவ நேர்ந்தால் இரண்டு தடைகளை எதிர்பாருங்கள். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமிடாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. மேலும் ஒரே சிப்புக்கு ஆர்8168, ஆர்8169 என இரண்டு டிரைவர்கள் இருக்கும்போது ஒன்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தாக வேண்டும்; இல்லாவிட்டால் தவறானது முந்திக்கொள்ளும். சிலசமயம் இதன் மறுதலையும் நடக்கும். முன்பிருந்தவர் எழுதிவைத்த தடைப்பட்டியலே, சரியான டிரைவரை ஏற்றவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். 'மோட்ப்ரோப்.டி' அடைவில் உள்ள கோப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: டிரைவர் ஏறியிருக்கிறது. ஆனாலும் ஐபி லிங்க் கட்டளையில் இடைமுகம் வரவில்லையே?

காரணத்தைக் கெர்னலே எழுதிவைத்திருக்கும். 'டிமெசேஜ்' என்று இங்கே குறிப்பிடும் செய்திப் பதிவை (டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளை) இட்டு, டிரைவரின் பெயர் வரும் வரிகளைப் படியுங்கள். நான் பார்த்தவரை மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) இல்லாமை. பிராட்காமின் பழைய சர்வர் கார்டுகள் தம்முள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்காவிட்டால் வேலை செய்யா. ரியல்டெக் கார்டுகள் பல, ஃபர்ம்வேர் இல்லை என்று முணுமுணுத்துவிட்டு எப்படியோ ஓடும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இத்தகைய ஃபர்ம்வேர் நிறுவல் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, இன்டெல் கார்டுகளில் என்விஎம் செக்சம் செல்லாது அல்லது ஈஈப்ராம் செக்சம் செல்லாது என்று வரும் செய்தி. கார்டின் நினைவகத்தில் எழுதப்பட்ட தகவல் சிதைந்திருக்கிறது என்பதே இதன் பொருள். டிரைவர் அந்தக் கார்டை ஏற்க மறுத்துவிடும். இன்டெல் கார்டுகளுக்குப் போலிகள் சந்தையில் உண்டு. எனவே விலை மலிவாகக் கிடைத்த கார்டில் இச்செய்தி வந்தால், சரிசெய்ய முயலாமல் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதே அறிவுடைமை. காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று வாங்குபவர்கள், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. மீண்டும் ஒரு பயணம் மிச்சமாகும்.

மூன்றாவது, இன்டெல் 82599 சிப் கொண்ட பத்து கிகாபிட் கார்டுகளுக்கே உரியது. சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் இந்தக் கார்டுகளில் இன்டெல் அங்கீகரிக்காத எஸ்எஃப்பி மாட்யூலை (கேபிளை இணைக்கக் கார்டில் செருகும் சிறு பகுதியை) செருகியிருந்தால் 'ஐஎக்ஸ்ஜிபிஇ' டிரைவர் இடைமுகத்தையே உண்டாக்காது. மாட்யூலைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கிப் பாருங்கள். இடைமுகம் வந்தால் காரணம் அதுதான். அங்கீகரிக்கப்படாத மாட்யூலையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் அளவுரு ஒன்று அந்த டிரைவரிலேயே இருக்கிறது.

கேள்வி: பழுதான கார்டை எடுத்துவிட்டு அதே வகைக் கார்டைப் பொருத்தினேன். கார்டு தெரிகிறது, ஃபயர்வால் மட்டும் இல்லை என்கிறது. ஏன்?

பழுதான பல ஃபயர்வால்களில் உண்மையான சிக்கல் இதுவே. ஃபயர்வால் தன் கார்டை அடையாளம் காண்பது பெயரையோ மேக் முகவரியையோ (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய தனி அடையாள எண்) வைத்துத்தான். கார்டை மாற்றும்போது இவ்விரண்டில் ஒன்றாவது மாறிவிடும்.

பழைய லினக்ஸ் பதிப்புகளில் யூடெவ் என்ற பகுதி, ஒருமுறை பார்த்த மேக் முகவரிக்கு ஈத்0, ஈத்1 என்ற பெயரை ஒரு விதிக்கோப்பில் எழுதி நிரந்தரமாக ஒதுக்கிவிடும். கார்டு போய்விட்டாலும் ஒதுக்கீடு போகாது. புதிய கார்டு ஈத்2 ஆகிவிடும். ஃபயர்வால் விதிகளோ ஈத்1ஐத் தேடிக்கொண்டிருக்கும். வன்தட்டைப் படியெடுத்து வேறொரு கணினியில் பொருத்தியவர்களுக்கும் இதே நிலைதான். 70 என்ற எண்ணில் தொடங்கும் அந்த விதிக்கோப்பிலிருந்து பழைய வரியை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்தால் பெயர் சரியாகும்.

லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2013இல் வந்த 197ஆம் பதிப்புக்குப் பின் பெயரிடும் முறை மாறியது. ஈஎன்பி3எஸ்0 என்றால் மூன்றாம் பிசிஐ பாதையில் சுழியாம் இடம் என்று பொருள். கார்டை மாற்றினாலும் அதே ஸ்லாட்டில் இருந்தால் பெயர் மாறாது என்பது இதன் நன்மை. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டையோ எம்.2 சேமிப்பகத்தையோ புதிதாகச் சேர்த்தால் பாதை எண்கள் நகர்ந்து, தொடாத நெட்வொர்க் கார்டின் பெயர்கூட ஈஎன்பி4எஸ்0 என்று மாறிவிடக்கூடும். நினைவகத்தைக் கூட்ட வந்தவர் இதையும் சேர்த்துவிட்டுப் போனபின் இணையம் நின்றுவிட்டது என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுவே. 'சிஸ்டம்டி' அடைவில் நெட்வொர்க் பகுதியில் ஒரு லிங்க் கோப்பை உருவாக்கி, இன்ன மேக் முகவரிக்கு இன்ன பெயர் என்று நீங்களே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். வெளி, உள் என்று பொருள் விளங்கும் பெயர்களாக வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் வாழ்த்துவார்.

கேள்வி: ஐபிஃபயர் பயன்படுத்துகிறோம். அமைப்புத் திரையில் ஒரு கார்டு மட்டுமே காட்டுகிறதே?

ஐபிஃபயர் என்பது ஐபிகாப்பிலிருந்து கிளைத்த லினக்ஸ் ஃபயர்வால். இணையத்துக்குச் சிவப்பு, உள் வலையமைப்புக்குப் பச்சை, வைஃபைக்கு நீலம், வெளியிலிருந்து அணுகத்தக்க சர்வர்களுக்கு ஆரஞ்சு என நிறங்களால் அது பகுக்கிறது. எந்தக் கார்டு எந்த நிறம் என்பதை மேக் முகவரியால் நினைவில் வைத்துக்கொள்வதால், கார்டை மாற்றியவுடன் நிறம் காலியாகிவிடும். கணினியின் முன்னமர்ந்து 'செட்அப்' கட்டளையை இட்டு, டிரைவர்களும் கார்டு ஒதுக்கீடும் என்ற பகுதியில் மீண்டும் ஒதுக்குங்கள். ஒரு கார்டுக்கு ஏற்கெனவே நிறம் கொடுத்திருந்தால், அதை நீக்கும்வரை வேறு நிறத்துக்கு அது கிடைக்காது. பட்டியல் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒதுக்கத் தக்க கார்டே இல்லை என்றால் முதற்கேள்விக்கான விடையில் சொன்ன சோதனைகளுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: நான்கு போர்ட் கொண்ட கார்டில் எந்தத் துளை எந்தப் பெயருக்கு உரியது?

'ஈத்டூல் -பி' (ethtool -p) கட்டளையோடு இடைமுகப் பெயரைத் தாருங்கள். அந்தத் துளையின் விளக்கு மினுங்கும். அதைப் பார்த்துத் துளையின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகத் தெரிகிறது, நோ கேரியர் என்று வருகிறது. கார்டு பழுதா?

பெரும்பாலும் இல்லை. கேபிளின் மறுமுனை உயிரோடு இல்லை என்பதே அதன் பொருள். தெரிந்த நல்ல கேபிளை மாற்றிப் பாருங்கள். தொடர்பு கிடைத்தும் வேகம் நூறு மெகாபிட்டிலேயே நின்றால், கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருக்க வாய்ப்புண்டு. கிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். பொய்க்கூரைக்கு மேல் கேபிள் ஓடும் கட்டடங்களில் எலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையொட்டி இன்னொன்று. உள்ளூர் இணைய இணைப்பாளர்கள் சிலர், முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியைத் தம் பக்கம் பதிந்துவைத்துக்கொண்டு மற்றவற்றை மறுப்பார்கள். கார்டை மாற்றிய பின் தொடர்பு விளக்கு எரிந்தும் ஐபி முகவரி கிடைக்காவிட்டால், கணினியைக் குடைவதற்கு முன் அவர்களை அழைத்துப் புதிய மேக் முகவரியைப் பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்லாட் காலியாக இல்லை. யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் போதுமா?

தற்காலிகமாகப் போதும். ரியல்டெக் 8153 சிப் உள்ளதை வாங்கினால் 'ஆர்8152' டிரைவர் தானாக ஏற்றிக்கொள்ளும். இது எல்எஸ்பிசிஐ பட்டியலில் வராது, 'எல்எஸ்யூஎஸ்பி' பட்டியலில்தான் தேட வேண்டும். சில அடாப்டர்கள் விண்டோஸ் டிரைவரைத் தரும் பொருட்டு முதலில் ஒரு சிடி இயக்கியாக வேடமிடும். அவற்றை மாற்ற 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' தேவைப்படும். இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டிய ஃபயர்வாலில், காலிடறினால் கழன்றுவிடும் ஓர் அடாப்டரை இணையப் பக்கம் நிரந்தரமாக வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: டிரைவரைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது?

ஆண்ட்ராய்டு தொலைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே ஏற்றுக்கொண்டு புதிய இடைமுகம் ஒன்றைக் காட்டும். தேவையானதைத் தரவிறக்கியவுடன் தொலைபேசியைக் கழற்றிவிடுங்கள். அந்த இடைமுகத்துக்கு உங்கள் ஃபயர்வால் விதிகள் பொருந்தாமல் இருக்கலாம்.

கேள்வி: காலையில் இருக்கும் கார்டு மதியத்தில் காணாமல் போகிறது. மறுதொடக்கம் செய்தால் வருகிறது. இது என்ன?

நேரத்தைக் குறித்துவையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரின் வெயில் நாற்பது டிகிரி செல்சியசைத் தாண்டும். மாடிப்படிக்கு அடியில் மூடிய அலமாரிக்குள் வைத்த கணினியினுள் வெப்பம் அதையும் மிஞ்சும். சர்வர்களுக்கென்று செய்த பத்து கிகாபிட் கார்டுகள் பலத்த காற்றோட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. மேசைக் கணினிப் பெட்டியில் அவற்றுக்கு எதிரே ஒரு சிறு மின்விசிறியாவது வைக்க வேண்டும்.

வெப்பம் காரணமில்லை என்றால், பிசிஐ எக்ஸ்பிரஸின் மின்சேமிப்பு முறையைச் சந்தேகிக்கலாம். கெர்னல் தொடக்க வரியில் 'பிசிஐஇ ஏஎஸ்பிஎம்' அளவுருவை முடக்கி ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். மின் வழங்கியின் முதுமையும் இதே அறிகுறியைத் தரும். கோடை இடிமழைக்குப் பின் தொடங்கிய சிக்கல் என்றால், மின்னல் அதிர்வு கேபிள் வழியே வந்து கார்டைப் பாதி சேதப்படுத்தியிருக்கலாம். அப்படிப்பட்ட கார்டு சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. அதை மாற்றிவிடுவதே முறை. இணைய இணைப்பாளரிடமிருந்து வரும் செம்புக் கேபிளைக் கட்டடத்துக்கு வெளியே ஃபைபராக மாற்றிக்கொண்டால் மின்னல் அந்த வழியே வராது.

கேள்வி: பள்ளியில் பழைய வெள்ளை பிசிஐ ஸ்லாட் உள்ள கணினிதான் இருக்கிறது. அதில் இரண்டு கிகாபிட் கார்டுகள் போடலாமா?

போடலாம், தெரியவும் தெரியும். ஆனால் பழைய 32 பிட் பிசிஐ பாதை முழுவதற்கும் நொடிக்கு 133 மெகாபைட்தான் கொள்ளளவு. அதை எல்லாக் கார்டுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நூறு மெகாபிட் இணைய இணைப்புக்கு இது தாராளம். '8139டூ' டிரைவரில் ஓடும் பழைய ரியல்டெக் 8139 கார்டு பரணில் கிடந்தால் அதுவே போதும்.

கேள்வி: பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஆகியவற்றுக்கும் இவை பொருந்துமா?

அவையும் ஃபயர்வால்கள்தான், ஆனால் லினக்ஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்தில் ஓடுபவை. ஸ்லாட், பயாஸ், வெப்பம், கேபிள் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும்; டிரைவர்களும் கட்டளைகளும் பொருந்தா. அங்கே கார்டுகளைப் பட்டியலிட 'பிசிஐகான்ஃப் -எல்வி' என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். இடைமுகப் பெயர்கள் ஐஜிபி0, ஆர்ஈ0 என டிரைவரின் பெயரிலேயே தொடங்கும்.